கிராமத்துல மழைத்தண்ணி சேத்தா குடிதண்ணி பிரச்சனை தீருமா?

தீரும், ஆனா குழி வெட்டினா தீராது, தொட்டி கட்டணும். தர்மபுரி பக்கம் ஊரு, போர் தண்ணில ஃப்ளோரைடு (அளவு மிஞ்சினா பல்லையும் எலும்பையும் கெடுக்கற உப்பு) இருக்குன்னு நீங்க எழுதியிருக்கறதாலதான் இவ்ளோ கறாரா சொல்றேன்.

நான் இருக்கறது பெங்களூரு கே.ஆர்.புரம். இங்க மழைத்தண்ணிய சேமிக்கணும்னு 2009லயே சட்டம் போட்டுட்டாங்க, எங்க தெருவுல பாதி பேர் கட்டும்போது ஒரு குழிய வெட்டி ஜல்லிய கொட்டினதோட சரி, அப்புறம் அதுல மண்ணு அடைச்சு கெடக்கு, 2024 கோடைல போர் வத்தி டேங்கருக்கு அலைஞ்சப்பதான் அந்த குழி ஞாபகமே வந்துச்சு. சரி, குழி நல்லா வேலை செஞ்சா நிலத்தடி நீர் ஏறும், ஒத்துக்கறேன். ஆனா உங்க ஊர்ல ஃப்ளோரைடு வர்றதே அடியில இருக்கற பாறைலேர்ந்துதான். நல்ல தண்ணிய கொண்டுபோய் அதுக்குள்ள விட்டுட்டு திரும்ப மோட்டார் போட்டு எடுத்து குடிக்கறதுல என்ன இருக்கு சொல்லுங்க? காய்ச்சினாலும் போகாது, தண்ணி ஆவியாகி ஃப்ளோரைடு இன்னும் கெட்டியாத்தான் ஆகும். கோலார் பக்கமும் இதே கதைதான்.

கூரைல விழற தண்ணில அந்த தொல்லையே இல்ல. ஒரு சதுர மீட்டர்ல 1 மி.மீ. மழை பேஞ்சா 1 லிட்டர், அவ்ளோதான் கணக்கு. 500 சதுர அடி மொட்டை மாடின்னா சுமார் 46 சதுர மீட்டர், வருஷத்துக்கு 800 மி.மீ. மழைன்னு வச்சு சேதாரம் போக 29,000 லிட்டர் தேறும். குடிக்க, சமைக்க மட்டும் ஆளுக்கு 5 லிட்டர்னா அஞ்சு பேருக்கு ஒரு நாளைக்கு 25, மழையே இல்லாம அஞ்சு மாசம் போனாலும் 3,750 லிட்டர்தான் ஆகும். அதனால 5,000 லிட்டர் தொட்டியே தாராளம். குளிக்க, மாட்டுக்கு எல்லாம் போர் தண்ணியே போதும், இந்த தொட்டில கை வைக்க விடாதீங்க.

இதுக்கு ஊரே சேந்து ஏரி தூர் வாரலாமேன்னு சிலர் சொல்வாங்க. ராஜஸ்தான் ஆல்வார்ல ராஜேந்திர சிங் ஊர் ஜனங்கள வச்சு ஜோஹட், அதாவது மழைத்தண்ணிய தேக்கற மண் குட்டைகள கட்டி கிணத்துல எல்லாம் தண்ணி ஏறுச்சு, பெரிய விஷயம், ஆனா அது விவசாயத்துக்கு. உங்க வீட்டு சோத்துப்பானைக்கு கூரைதான் வழி.

ருசி கொஞ்சம் சப்புனு இருக்கும். ஆனா பருப்பு சீக்கிரம் வேகுதுன்னு எங்க பெரியம்மா இப்ப சமையலுக்கு வேற தண்ணியே தொடறதில்ல.

கட்டும்போது ரெண்டு விஷயம் மட்டும் பாத்துக்கோங்க. முதல் மழைத்தண்ணி, ஒரு மூணு நாலு குடம், வெளிய போற மாதிரி குழாய்ல தனி வால்வு வைக்கணும், காக்கா எச்சம் தூசி எல்லாம் அதோட போயிடும். தொட்டிக்குள்ள வெளிச்சம் போகவே கூடாது, போனா பாசி புடிக்கும், ஓவர்ஃப்ளோ குழாய்க்கு கொசுவலை கட்டிடுங்க. கிருமிக்கு காய்ச்சித்தான் குடிக்கணும். உங்களுது ஆஸ்பெஸ்டாஸ் கூரைன்னா அந்த தண்ணிய குடிக்க எடுக்காதீங்க, பக்கத்துல மாடி வீட்டுக்காரங்க யாராச்சும் இருந்தா அவங்களோட சேந்து கட்டுங்க.