பழங்காசுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய காசுகளைச் சேர்ப்பவர்களும், வீட்டுப் பெட்டியில் கிடைத்த காசை என்ன செய்வதென்று தெரியாதவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலோர் முதலில் கேட்பது விலையைத்தான். காசு எது, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமலேயே விலை சொல்பவர் எவரையும் நம்ப வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: பாட்டியின் பெட்டியில் விக்டோரியா படம் போட்ட வெள்ளி ரூபாய்கள் சில கிடைத்தன. எல்லாம் கறுத்துக் கிடக்கின்றன. புளியோ பற்பசையோ போட்டுத் துலக்கலாமா? (மன்னார்குடி)

தயவுசெய்து துலக்காதீர்கள். வெள்ளியின் மேல் படிந்திருக்கும் அந்தக் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகம் பல ஆண்டுகளில் ஏற்படுத்திய மெல்லிய படலம். அது காசுக்குக் கேடு செய்வதில்லை. பற்பசையில் இருப்பதோ நுண்ணிய தேய்ப்புப்பொடி. அதைத் தேய்த்தால் காசில் மேடாக இருக்கும் இடங்கள்தான் முதலில் மழுங்கும். அரசியின் காதருகே உள்ள மயிரிழைகள், முடியின் மணிகள், ஆடையின் பூவேலை ஆகியவை போய்விட்டால் திரும்ப வரா. துலக்கிய காசை விளக்கொளியில் சாய்த்து லென்ஸ் வழியாகப் பார்த்தால், ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் வரிவரியாகத் தெரியும். வாங்க வருபவர் முதலில் பார்ப்பது அதைத்தான்; விலை பாதியாகக் குறைவதும் அதனால்தான்.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், வேதிப்பொருள் கடையில் கிடைக்கும் தூய அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, சன்னலைத் திறந்து வைத்து, அருகில் நெருப்பில்லாமல் பார்த்துக்கொண்டு, காசைச் சற்று நேரம் ஊறவிட்டு எடுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

காசுகளில் 1862 என்று இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆண்டை மாற்றாமலேயே 1874ஆம் ஆண்டுக் காசு வரும்வரை ரூபாய்களை அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கத்தில் உள்ள சிறு புள்ளிகளின் எண்ணிக்கையும் இடமும் காசுக்குக் காசு வேறுபடும். சேகரிப்பவர்கள் 1862 ஒன்றை மட்டுமே வைத்து ஒரு தட்டு நிறைய வகைகள் சேர்ப்பதற்குக் காரணம் அந்தப் புள்ளிகள்தாம். துலக்கினால் அவையும் தேய்ந்துவிடும்.

கேள்வி: 1818 என்று பொறித்த, ராமர் பட்டாபிஷேகம் உள்ள கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணா என்னிடம் இருக்கிறது. பத்து லட்சம் தருவதாகவும், முதலில் பதிவுக் கட்டணம் கட்டச் சொல்லியும் ஒருவர் தொலைபேசியில் பேசினார். நம்பலாமா? (சேலம்)

நம்ப வேண்டாம், ஒரு ரூபாய்கூடக் கட்டவும் வேண்டாம். அது கம்பெனி அடித்த காசே அல்ல. பிற்காலத்தில் பூசைக்காகவும் விற்பனைக்காகவும் அடித்த வில்லை.

தெய்வ உருவம் இருப்பதால் போலி என்று நான் சொல்லவில்லை. சென்னையில் கம்பெனி அடித்த தங்க வராகனில் திருமால் உருவம் உண்டு, அது அசல் நாணயம். இங்கே இடிப்பது மதிப்பும் வடிவமும். 1835இலும் 1845இலும் கம்பெனி வெளியிட்ட செப்பு அரை அணாவில் ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கிய கேடயச் சின்னமும், மறுபக்கம் இலைவளையத்துக்குள் மதிப்பும் இருக்கும், ராமர் கிடையாது. இதே வில்லைகள் 1616, 1717 என்ற ஆண்டுகளோடும் சுற்றுகின்றன. 1616 எவ்வளவு பொருந்தாதது என்று அறிய, கம்பெனி சென்னையில் நிலம் பெற்றதே 1639இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் போதும்.

பழைய காசுகளையும் தாள்களையும் தாங்கள் வாங்குவதுமில்லை, அதற்குக் கட்டணம் கேட்பதுமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021இல் அறிவித்தது. இரிடியம் கலசம், அரிசி இழுக்கும் செம்பு என்று ஊர் ஊராக ஏமாற்றுகிறவர்களும் இதே வழியில்தான் வருகிறார்கள். பெரிய தொகையைக் காட்டி, சிறிய தொகையை முதலில் கேட்பார்கள். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: புலி உருவம் உள்ள 1947ஆம் ஆண்டு ரூபாய் காந்தத்தில் ஒட்டுகிறது. போலியா? (கோயம்புத்தூர்)

அசல்தான், நிக்கல் காசு, ஒட்டத்தான் வேண்டும். ரூபாயில் 1939 வரை நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி இருந்தது. போர்க்காலத்தில், 1940 முதல் 1945 வரை, அதைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை.

கேள்வி: வெள்ளி ரூபாய் அசலா என்று வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா? (புதுச்சேரி)

உண்டு, காசை உரசவோ வெட்டவோ தேவையில்லை. அசல் ரூபாயின் எடை 11.66 கிராம், தேய்ந்த காசு சற்றுக் குறையும். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய மின்தராசில் காசை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, எண்ணைச் சுழியமாக்கி, தையல் நூலில் கட்டிய காசை அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுதும் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது காசு விலக்கிய நீரின் எடை. முதல் எண்ணை இந்த எண்ணால் வகுத்தால், 1939 வரையிலான ரூபாய்க்கு ஏறத்தாழ 10.3 வரும். நீர் 1.13 கிராம் அளவில் காட்டினால் நல்லது; 1.3ஐத் தொட்டால் வெள்ளி முலாம் பூசிய செம்பாக இருக்கக்கூடும்.

அடர்த்தி சரியாக இருந்தாலும் விளிம்பைப் பாருங்கள். அச்சில் அடித்த காசின் விளிம்புக் கோடுகள் கூர்மையாக இருக்கும்; வார்த்த போலியில் நடுவே ஓர் ஒட்டுக்கோடோ, எழுத்துகளைச் சுற்றி ஊசிமுனைக் குழிகளோ தெரியும். அரிய ஆண்டுகளைத்தான் வெள்ளியிலேயே போலி செய்வார்கள். குறிப்பாக ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயில் எச்சரிக்கை தேவை. மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றியைப் போலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்து, அடித்தவற்றில் பெரும்பகுதியை அரசு உருக்கிவிட்டது. 1912இல் யானையின் துதிக்கையைத் தெளிவாகத் திருத்தினார்கள். 1912இன் கடைசி எண்ணைச் சுரண்டி 1911 ஆக்கிய காசுகளும் வரக்கூடும் என்பதால், ஆண்டை மட்டும் பார்க்காமல் யானையையும் பாருங்கள்.

கேள்வி: 1808 என்று பொறித்த, 'பத்துக் காசு' மதிப்புள்ள நாணயம் ஒன்று, நேற்று அடித்ததுபோல இருக்கிறது. இருநூறு ஆண்டுக் காசு இப்படி இருக்க முடியுமா? (திருச்சி)

முடியும், காரணமும் சுவையானது. சென்னை மாகாணத்துக்காகக் கம்பெனி இந்தக் காசுகளை இங்கிலாந்தின் பர்மிங்காமில் உள்ள சோகோ நாணயச்சாலையில் நீராவி இயந்திரத்தால் அடித்தது. அவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 சனவரியில், இங்கிலாந்துக் கரையை விட்டு நீங்கும் முன்பே, கெண்ட் கடற்பகுதியில் உள்ள குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் மூழ்குவீரர்கள் பெருந்தொகையாகக் காசுகளை மேலே கொண்டுவந்தார்கள். சென்னைச் சந்தையில் ஒரு நாளும் கைமாறாதவை என்பதால் பல காசுகளில் எழுத்துகள் இன்றும் கூர்மையாக இருக்கின்றன. ஏராளமாகக் கிடைத்ததால் விலை எட்டக்கூடியதே. நம் பாட்டனார் காலத்துச் சந்தைக்கென்றே அடித்து, இங்கு வந்து சேராமல் போன காசு என்பதால் எனக்கு இதன் மேல் தனிப் பற்று உண்டு.

கேள்வி: ராசராசன் காசு வாங்க ஆசை. சட்டப்படி வைத்திருக்கலாமா? வெளிநாட்டிலுள்ள மகனுக்கு அனுப்பலாமா? (தஞ்சாவூர்)

வைத்திருக்கலாம், அனுப்பக் கூடாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது குற்றம். பரிசாகத் தந்தாலும் அப்படித்தான். தொல்பொருளை வணிகமாக விற்பவருக்கு உரிமம் வேண்டும். அதைக் கேட்டு, ரசீதோடு வாங்குங்கள். நிலத்தில் புதைந்து கிடைத்தது என்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவமும், மறுபக்கம் அமர்ந்த உருவத்தோடு நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராசராச' என்பதும் இருக்கும். செப்பில் நிறையக் கிடைக்கிறது. வெளிர்பச்சைத் தூள் உதிர்கிற காசை மட்டும் வாங்காதீர்கள்; இறுகிய களிம்பு பாதுகாப்பானது, உதிரும் களிம்பு காசைத் தின்றுகொண்டே போகும்.

கேள்வி: ஆல்பத்தில் வைத்த செப்புக் காசுகளில் பச்சையாக, பிசுபிசுப்பாக ஏதோ படிகிறதே? (மதுரை)

அது பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கால் ஆன உறையிலிருந்து வருவது. மிருதுவான, வாசனையடிக்கும் உறைகளை உடனே மாற்றி, மைலார் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் உறைகளில் வையுங்கள். செய்தித்தாளும் ரப்பர் வளையமும் வெள்ளியைக் கறுப்பாக்கும். பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போதும்.

கேள்வி: காசுமாலையிலிருந்து கழற்றிய ரூபாயில் வளையம் பற்றவைத்திருக்கிறது. அதை எடுத்துவிடலாமா? (காரைக்குடி)

எடுக்க வேண்டாம். தடம் மறையாது. தனிக்காசாக மதிப்புக் குறைவுதான். மாலையோடு சேர்த்து வைத்தால் நல்ல குடும்பப் பொருள்.

கேள்வி: கல்லூரி மாணவி நான். குறைந்த பணத்தில் எங்கிருந்து தொடங்கலாம்? (திருநெல்வேலி)

நயா பைசாவிலிருந்து தொடங்குங்கள். 1957 ஏப்ரல் முதல் நாள் அணாவும் காலணாவும் போய் நூறு பைசா ரூபாய் வந்தது. 1964இல் 'நயா' என்ற சொல் நீங்கியது. ஆகவே வரிசை சிறியது, முடித்துவிட முடியும். ஆண்டின் அருகே வெறும் வைரக்குறி இருந்தால் பம்பாய் நாணயச்சாலை, பிளந்த வைரமோ நடுவில் புள்ளியுள்ள வைரமோ இருந்தால் ஐதராபாத், குறியே இல்லாவிட்டால் கல்கத்தா என்று பிரித்துப் பழகலாம். பக்கத்தில் 1943 முதல் 1947 வரையிலான ஓட்டைக் காலணாவையும் வைத்துக்கொள்ளுங்கள். போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்தவே நடுவில் துளையிட்டார்கள். வாங்கும் ஒவ்வொரு காசுடனும் எங்கே, யாரிடம், எந்த நாள், என்ன விலைக்கு என்று எழுதிய சீட்டை வைத்து வாருங்கள். சென்னைக்கு வரும்போது எழும்பூர் அருங்காட்சியகத்துக் காசுக்கூடத்தில் ஒரு பகற்பொழுதைச் செலவிடுங்கள். அசலை நேரில் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் போலி தானே உறுத்தும்.