மணியை யார் கையில் விடுவது?

கேள்வி: எனக்கு 71 வயது. மண்டபத்துக்குப் பக்கத்தில் கடலோரக் கிராமத்தில் தனியாக இருக்கிறேன். மகன் சிங்கப்பூரில், மகள் கோவையில் அடுக்குமாடி வீட்டில். துணைக்கு மணி மட்டும்தான், ஐந்து வயது நாட்டு நாய். போன மாதம் மயங்கி விழுந்ததிலிருந்து இதே யோசனை. வீட்டை மணி பேருக்கு எழுதிவைக்க முடியுமா? முடியாது என்றால், எனக்குப் பின் அதையும் கருணைக்கொலை ஊசி போட்டு அனுப்பிவிடும்படி எழுதலாமா?
– வாசகி, மண்டபம்

பதில்: முதலில் அந்த ஊசி யோசனையை விடுங்கள் அம்மா. ஐந்து வயது நாட்டு நாய், பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் இன்னும் ஏழெட்டு வருடம் நன்றாகவே இருக்கும். நோய்நொடி இல்லாத நாய்க்கு அந்த ஊசியைப் போட நல்ல டாக்டர் யாரும் சம்மதிக்க மாட்டார்.

வீட்டையும் மணி பேருக்கு எழுத முடியாது. சட்டத்தின் கண்ணில் மணியே உங்கள் சொத்துதான், அது இன்னொரு சொத்துக்குச் சொந்தக்காரன் ஆக முடியாது. ஆனால் ஒரு மனிதர் பேரைச் சொல்லி, மணி இவரிடம் போகட்டும், அதன் செலவுக்கு இவ்வளவு பணம் இவருக்கு என்று உயிலில் எழுதலாம். 2024-இல் ரத்தன் டாடா இறந்தபோது தன் நாய் டிட்டோவுக்கு ஏற்பாடு செய்திருந்தார் என்று செய்தி வந்ததே, அதிலும் வீட்டுச் சமையல்காரர்தான் பார்த்துக்கொள்வார் என்று இருந்தது. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, இரண்டு சாட்சி கட்டாயம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னால் பேச்சு வராது. பணம் பெறப்போகிறவரையே சாட்சிக் கையெழுத்துப் போடவைக்காதீர்கள்.

சரி, இதெல்லாம் பெரிய வேலையே இல்லை. உயிலைத் தேடி எடுத்துப் படிப்பதற்குள் காரியமே முடிந்திருக்கும், மணிக்கோ மறுநாள் காலையிலேயே பசிக்கும். அதைவிட, நீங்கள் பக்கவாதம் வந்து மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் படுத்திருந்தால் உயில் எதற்கு ஆகும்? அதனால் முதலில் ஆளைப் பிடியுங்கள். சொந்தக்காரரைவிட உங்கள் தெருவிலேயே ஒருவர் என்றால் எனக்குச் சம்மதம், மணிக்குத் தெருவாவது மாறாமல் இருக்கும். இப்போதே அவரிடம் ஒரு சாவி கொடுங்கள், வாரத்தில் ஒரு நாளாவது அவர் கையால் சோறு வைக்கட்டும், அப்புறம் நீங்கள் கோவைக்குப் போய் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வாருங்கள், அவரிடம் மணி சாப்பிடுகிறதா இல்லையா என்பது நீங்கள் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

அவர் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர் என்றால் ஒன்றை யோசிக்க வேண்டும். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வருமானம் இருக்காது, கையில் மொத்தமாகக் கொடுத்த பணம் வீட்டு அரிசிக்குத்தான் போகும், அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது. மகனிடம் சொல்லி மாதாமாதம் அனுப்ப வைப்பது நல்லது. மணிக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்று இரண்டு மூன்று மாதம் குறித்துப் பார்த்துவிட்டுத் தொகையைச் சொல்லுங்கள்.

ஒரு நோட்டில் தடுப்பூசி போட்ட தேதி, சாப்பிடும் நேரம், எதற்குப் பயப்படும் என்பதையெல்லாம் எழுதிவையுங்கள். கரைவலையிலிருந்து ஒதுக்கிப் போடும் பேத்தை மீனை நாய் தின்றால் உயிருக்கே ஆபத்து என்று உங்கள் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை, மகள் வந்து பார்த்துக்கொள்வதானால் அவருக்குத் தெரியாது.

யாரும் பொறுப்பெடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும், வண்டியில் ஏற்றி உச்சிப்புளி தாண்டி இறக்கிவிடுவார்கள். வளர்த்த நாயை அப்படிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான், முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய்! அதை நம்பி உட்கார வேண்டாம்.

கேள்வி: பக்கத்து வீட்டுத் தாத்தா இறந்துவிட்டார். அவருடைய நாய் வாசலை விட்டு நகரவில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. என்ன செய்வது?
– வாசகர், தொண்டி

பதில்: இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அவர் வைத்த நேரத்தில், அவர் வைத்த தட்டிலேயே, தினமும் ஒரே ஆள் வையுங்கள். சோறு குறைவது சில நாள் இருக்கும். தண்ணீரும் குடிக்கவில்லை, எழுந்திருக்கவே இல்லை என்றால் அதைத் துக்கம் என்று விட்டுவிடாமல் அன்றைக்கே கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள், உண்ணிக் காய்ச்சலுக்கும் நாய் இப்படித்தான் சுருண்டு படுக்கும்.