மழையில் சென்னை மெட்ரோ வெட்டி வெட்டி நிற்பது ஏன்?

மழை நாளில் கிண்டியில் மெட்ரோ குலுங்கிக் குலுங்கி நிற்கிறதே, பிரேக் பழுதா என்று கேட்டீர்கள். பிரேக் பழுதில்லை, அண்ணாச்சி. பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கிறது. நீங்கள் சொன்ன குலுக்கல் பெரும்பாலும் அதுதான். சக்கரம் உருளாமல் சறுக்கினால் அச்சிலுள்ள சென்சார் உணர்ந்து, அந்த அச்சின் பிரேக்கை ஒரு கணம் தளர்த்தும். பிடிப்பு வந்ததும் மறுபடி இறுக்கும்.

கொட்டுகிற மழையைவிடத் தூறல்தான் மோசம். தண்டவாளத்துத் துருவும் தூசியும் லேசான ஈரத்தில் குழைந்து வழவழவென்று படியும். அடைமழை அதைக் கழுவிவிடும். திருநெல்வேலி குறுக்குத்துறைப் படித்துறையில் வழுக்கி விழுந்தவர்களுக்கு இது புரியும். முழங்கால் தண்ணீரில் நிற்கலாம், ஈரப் பாசிப் படியில்தான் கால் வாரும். (ரயில் எஞ்சின்கள் சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவுவதும் இதற்காகத்தான்.)

ஒன்று செய்து பாருங்கள். கிண்டியிலிருந்து சின்னமலை வரை மேம்பாலம், சைதாப்பேட்டையிலிருந்து மழை படாத சுரங்கம். மழை நாளில் அதே வண்டியில் தேனாம்பேட்டை தாண்டிப் போங்கள். அங்கே குலுக்கல் அடங்கினால் காரணம் ஈரம். அங்கேயும் அதே குலுக்கல் என்றால் மழையைக் குற்றம் சொல்லாதீர்கள்.

ஆனால் வேகம் கூடக்கூட 'டக் டக்' என்று சீராகச் சத்தம் வந்தால் அது வேறு சங்கதி. சறுக்கிய சக்கரம் ஓரிடத்தில் தட்டையாகியிருக்கும். செங்கோட்டை பாசஞ்சரில் போய்ப் பழகியவர்கள் கேட்டிருப்பீர்கள். பெட்டிக்குள் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்து ஸ்டேஷனில் சொல்லிவிடுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து வந்த அம்மா இனி ஏறவே மாட்டேன் என்கிறார்கள் என்றீர்களே, அவர்களை உட்கார வைத்துக் கூட்டிப் போங்கள். நின்றால்தான் அந்தக் குலுக்கல் பயமுறுத்தும்.