ஒரு பந்துக்கு எத்தனை சங்கம்?

போன மாதம் இந்தப் பக்கத்தில், உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபீஃபாவைப் பற்றி, ‘ஃபீஃபா பிறந்த பிரான்சே நாலு வருசத்தில் அதை விட்டு வெளியே போனது’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் விடவில்லை. கடிதம், வாட்ஸ்அப், சந்தையில் மீன் வாங்கும்போது நேரில் என்று கேட்டபடியே இருக்கிறார்கள். அதனால் இந்த மாதம் முழுக்கப் பிரெஞ்சுக் காற்பந்துதான். பூப்பந்துக் கேள்விகள் அடுத்த மாதம் வரை பொறுத்திருக்கட்டும்.

– சுங்கை சிப்புட்டிலிருந்து, முன்னாள் தோட்டக் கிராணி

கிராணி ஐயா, ஃபீஃபா என்ற பெயரே பிரெஞ்சு. பிறந்த ஊர் பாரிஸ். அப்படியிருக்க பிரான்சு ஏன் விலகியது? – வாசகர், பாடாங் செராய்

தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். 1904 மே 21-ஆம் தேதி பாரிஸ் சேன் ஒனோரே வீதி 229-ஆம் எண் கட்டடத்தில் ஃபீஃபா தொடங்கியபோது, பிரான்சின் பெயரில் உட்கார்ந்தது காற்பந்துச் சங்கமே இல்லை. பிரான்சில் அப்போது காற்பந்துக்கென்று தனிச் சங்கம் கிடையாது. உட்கார்ந்தது யு.எஸ்.எஃப்.எஸ்.ஏ. எனப்பட்ட ஒரு பெரிய விளையாட்டு யூனியன். அந்தக் கட்டடமும் அவர்கள் அலுவலகம் இருந்த இடம்தான். ஃபீஃபாவின் முதல் தலைவர் ரொபேர் கெரான் அந்த யூனியனின் ஆள், தொழிலில் பத்திரிகைக்காரர், அப்போது வயது 27.

இந்த யூனியன் 1887-இல் பாரிசின் இரண்டு ஓட்டப்பந்தயக் கிளப்புகள் கைகோத்துத் தொடங்கியது. ஓட்டம், ரக்பி, ஹாக்கி எல்லாம் அதன் குடைக்குள். ஒலிம்பிக்கை மறுபடி எழுப்பிய கூபெர்த்தான்தான் அதன் செயலாளராக இருந்தார். அவர்கள் மனசு ரக்பி பக்கம். ரக்பிக்கு 1892-லேயே சாம்பியன்ஷிப் நடத்தி, கூபெர்த்தானே நடுவராக நின்றார். காற்பந்துக்கு 1894 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் ஆறே குழு, ஆறும் பாரிஸ் பக்கத்துக் குழு. ஜெயித்த ஸ்டாண்டர்ட் அத்லெட்டிக் கிளப் பாரிசில் வேலை பார்த்த ஆங்கிலேயர்களின் கிளப். இறுதியாட்டம் 2-2 என்று முடிந்து, மறுபடி ஆடி 2-0 என்று கோப்பை எடுத்தார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இங்கிலாந்தில் 1907-இல் ஒரு பிளவு. காசு வாங்காமல் ஆடும் கனவான்கள் சிலர் தாய்ச் சங்கத்தை விட்டுப் பிரிந்து, தனியாக அமெச்சூர் சங்கம் வைத்தார்கள். அவர்களையும் ஃபீஃபா சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நின்றது நம் பிரெஞ்சு யூனியன். ஒரு நாட்டுக்கு ஒரு சங்கம்தான் என்று ஃபீஃபா மறுத்தது. 1908-இல் யூனியன் கோபித்துக்கொண்டு வெளியேறியது. அந்தக் காலி நாற்காலியில் சி.எஃப்.ஐ. என்ற இன்னொரு பிரெஞ்சு அமைப்பு வந்து உட்கார்ந்தது. ஆகவே விலகியது பிரான்சு இல்லை, பிரான்சு என்ற பெயரைக் கையில் வைத்திருந்த ஒரு யூனியன். நான் போன மாதம் எழுதிய வரியில் அந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

அப்படியானால் மொத்தம் எத்தனை சங்கங்கள் இருந்தன சார்? – ஐந்தாம் படிவ மாணவி, பாகான் செராய்

எண்ணிக்கையை விட யார் யார் என்று பார்ப்பதுதான் சுவை, அம்மா.

வசதியான வீட்டுப் பிள்ளைகளின் கிளப்புகள் யூனியனில் இருந்தன. அதற்கு எதிரே, மாதாகோயில் பாதிரியார்களின் இளைஞர் மன்றங்கள். பிரெஞ்சில் பத்ரொனாஜ் என்பார்கள். பள்ளி விட்டதும் பையன்கள் தெருவில் சுற்றாமல் இருக்கக் கோயில் வளாகத்திலேயே உடற்பயிற்சி, நாடகம், பந்து. போல் மிஷோ என்ற மருத்துவர் 1898-இல் இவர்களைச் சேர்த்து ஒரு சங்கமாக்கினார். அதற்கு அடுத்து சைக்கிள் கிளப்புகள் வழியாக வந்த இன்னொரு சங்கம். 1910-இல் யூனியனை விட்டுப் பிரிந்த பாரிஸ் கிளப்புகள் தனியே தொடங்கிய லீக் ஒன்று. தொழிலாளர்களின் சோசலிச விளையாட்டுச் சங்கம் வேறு.

இதை வெறும் பதவிச் சண்டை என்று நினைக்காதீர்கள். 1905-இல் பிரான்சு அரசையும் திருச்சபையையும் சட்டம் போட்டுப் பிரித்தது. ஊருக்கு ஊர் பாதிரியார் பக்கம், அரசுப் பள்ளி ஆசிரியர் பக்கம் என்று இரண்டு கட்சி. பையன் எந்தச் சட்டை போட்டுப் பந்து உதைக்கிறான் என்பதே அவன் அப்பா எந்தக் கட்சி என்று சொல்லிவிடும். அந்தக் காலத்தின் தடம் இன்றும் இருக்கிறது. ஓசேர் கிளப்பை 1905-இல் தொடங்கியவர் ஒரு பாதிரியார், அபே தெஷான். அந்தக் கிளப்பின் திடலுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். கோயில் மன்றம் வளர்த்த பந்து என்றால் நம் ஊர்க்காரர்களுக்குப் புரியாமல் போகுமா? எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் தீமிதி முடிந்த மறுநாள் காலை திடலில் பந்து உருளும். கோயில் தலைவர்தான் கோப்பை கொடுப்பார்.

17-1 என்று ஓர் ஆட்டத்தில் பிரான்சு தோற்றது உண்மையா? – வாசகர், தைப்பிங்

உண்மை. 1908 லண்டன் ஒலிம்பிக், அக்டோபர் 22, எதிரணி டென்மார்க். சோஃபஸ் நீல்சன் என்ற ஒருவரே பத்து கோல். பிரான்சு அன்று இரண்டு குழு அனுப்பியிருந்தது. அந்த இரண்டாம் குழுவும் மூன்று நாளுக்கு முன் இதே டென்மார்க்கிடம் 9-0. டென்மார்க் குழுவில் ஹரால்ட் போர் என்று ஒருவர் ஆடினார், பெரிய கணித மேதை. அணுவிஞ்ஞானி நீல்ஸ் போரின் தம்பி.

இரண்டு குழுவையும் அனுப்பியது யூனியன். அதே வருசம் ஃபீஃபாவை விட்டு வெளியே போனவர்கள். அதற்குப் பிறகு சில வருசம் இன்னும் மோசம். நாட்டுக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சி.எஃப்.ஐ.யிடம். யூனியன் கிளப்புகளில் ஆடிய நல்ல ஆட்டக்காரர்களுக்கு அந்தக் கதவு மூடியிருந்தது. ஒரே நகரத்தில், ஒரே டிராம் வண்டியில் போய்வரும் பையன்கள். ஒருவன் பிரான்சுக்கு ஆடலாம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் ஆடக்கூடாது.

1904 மே 1-ஆம் தேதி பெல்ஜியத்துடன் ஆடிய முதல் நாட்டுக் குழுவின் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? 3-3 என்று முடிந்த ஆட்டம். அவர்கள் போட்டிருந்தது நீலச் சட்டை இல்லை. வெள்ளைச் சட்டை, நெஞ்சில் கோத்த இரண்டு வளையம், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். அது நாட்டின் சின்னமே இல்லை, யூனியனின் சின்னம். 1913-இல் ஒலிம்பிக்கின் ஐந்து வளையத்தை வரைந்த கூபெர்த்தான் அந்த யூனியனில் இருந்தவர் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

காசு வாங்காமல் ஆடுவது நல்லதுதானே? யூனியன் சொன்னதில் என்ன தப்பு? – வாசகர், கோலக்கங்சார்

ஆசைக்கு ஆடுவது அழகுதான். யாருக்குக் கட்டுப்படியாகும் என்பதுதான் கேள்வி.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் காலை ஐந்தரைக்குப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. அதன் பிறகு பால் மரம் வெட்டி, வாளி தூக்கி, ஸ்டோரில் பால் நிறுத்துப் பெயர் பதிந்து வீடு போக மத்தியானம் ஆகிவிடும். நான்தான் அந்தப் பேரேட்டில் எழுதுகிறவன். சனிக்கிழமை ஈப்போவில் ஆட்டம் என்றால் பஸ்ஸைப் பிடிக்கப் பத்து மணிக்கே கிளம்ப வேண்டும். பதினோரு பேருக்கு நேரே அரைநாள் கூலியை என் கையாலேயே வெட்டியிருக்கிறேன். வெட்டிவிட்டு, அதே பஸ்ஸில் குழுச் செயலாளராக அவர்களோடு நானும் போவேன். அந்த அரைநாள் கூலியை யாராவது ஈடு கட்டினால் அது குற்றம் என்று ஒரு சட்டம் இருந்தால், அது வெட்டுக்கத்தி பிடித்தவனை மட்டும்தான் வெளியே தள்ளும். பாரிஸ் யூனியனின் அமெச்சூர் சட்டத்தை நான் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன்.

பிரான்சிலும் கடைசியில் அதுதான் நடந்தது. 1920-களில் பெரிய கிளப்புகள் மறைமுகமாகக் காசு கொடுத்தன. ‘பழுப்பு அமெச்சூர்’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. 1932-இல் ஒளிவுமறைவை விட்டுவிட்டுத் தொழில்முறை ஆட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். முதல் பருவத்தில் 20 கிளப்புகள், இரண்டு பிரிவு. இரண்டு பிரிவிலிருந்தும் வந்தவர்கள் மோத, லீல் நகரத்து ஒலிம்பிக் கிளப் 4-3 என்று கான் நகரத்துக் கிளப்பை ஜெயித்தது.

இவர்களை எல்லாம் ஒன்று சேர்த்தது ஜூல் ரிமேதானே? – வாசகர், சுங்கை சிப்புட்

பழைய உலகக் கோப்பைக்கு ரிமேயின் பெயர் இருந்தது, அதனால் அவரை எல்லாருக்கும் தெரியும். அவர் பெரிய மனிதர்தான், மறுக்கவில்லை. 1897-இல் ரெட் ஸ்டார் கிளப்பைத் தொடங்கியவர். 1910-இல் யூனியனை விட்டு வந்த கிளப்புகளின் லீக்குக்குத் தலைவர். 1919 ஏப்ரல் 7-ஆம் தேதி சி.எஃப்.ஐ.யே நாட்டுக்கு ஒரே பிரெஞ்சுக் காற்பந்து சம்மேளனமாக மாறியபோது முதல் தலைவர். 1921 முதல் 1954 வரை ஃபீஃபாவின் தலைவர்.

ஆனால் நான் வணங்குவது ஷார்ல் சிமோனை. மாதாகோயில் மன்றங்களின் சங்கத்தில் செயலாளர் வேலை பார்த்தவர். 1907-இல், ‘உங்கள் சங்கத்தைக் கலைக்க வேண்டாம், சட்டையை மாற்ற வேண்டாம், வருசத்துக்கு ஒரு தரம் உங்கள் சாம்பியனும் எங்கள் சாம்பியனும் மோதிப் பார்க்கட்டும்’ என்கிற வழியைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அதற்கு வைத்த அமைப்புதான் மேலே சொன்ன சி.எஃப்.ஐ. அதாவது சங்கங்களுக்கு நடுவே ஒரு குழு. யூனியன் வெளியே போனபோது ஃபீஃபாவின் நாற்காலி இந்தக் குழுவுக்குக் கிடைத்தது. ஐந்தாறு வருசம் பொறுத்துப் பார்த்த யூனியனே 1913 ஜனவரியில் வந்து அதற்குள் சேர்ந்தது. எவ்வளவு பொறுமை வேண்டும் இதற்கு! எத்தனை கூட்டம், எத்தனை கடிதம் என்று ஒரு செயலாளனுக்குத்தான் தெரியும்.

அடுத்த வருசம் உலகப் போர். 1915 ஜூனில் அராஸ் நகரத்துப் பக்கம் போர்முனையில் சிமோன் இறந்துபோனார். ஒரே சம்மேளனத்தை அவர் பார்க்கவில்லை. அவரோடு வேலை செய்த ஆன்ரி தெலோனேயும் மற்றவர்களும் போர் முடியும் முன்பே அவர் பெயரில் ஒரு கோப்பை வைத்தார்கள். எந்தச் சங்கத்துக் கிளப்பும் சேரலாம் என்பது விதி. 48 கிளப்புகள் பெயர் கொடுத்தன. ஜெர்மன் நெடுந்தூரப் பீரங்கி பாரிசை மிரட்டிக்கொண்டிருந்த அந்த வசந்தத்தில், 1918 மே 5-ஆம் தேதி இறுதியாட்டம். பாந்தேன் 3, லியோன் 0. அதுதான் இன்றைய பிரான்சுக் கோப்பை.

உங்கள் ஊரிலும் இரண்டு லீக் சண்டை நடந்ததாமே? – அதே வாசகர்

நடந்தது தம்பி. தோட்டக் குழுக்களுக்கு ஒரு லீக், பட்டணத்துக் குழுக்களுக்கு ஒரு லீக். இதில் பெயர் பதிந்தவன் அதில் ஆடக்கூடாது என்று இரண்டு பக்கமும் விதி போட்டார்கள். யார் போட்டார்கள் என்று நான் பெயர் சொல்ல மாட்டேன், பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

எங்கள் லயத்தில் இடது கால்காரப் பையன் ஒருவன் இருந்தான். மூலையிலிருந்து அவன் அடித்தால் பந்து வளைந்து போய்க் கம்பத்தின் உள்பக்கம் உரசி விழும். அவன் ஒரு வெள்ளிக்கிழமை தெரியாத்தனமாக மற்ற லீக்கின் பதிவுப் பாரத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டான். இரண்டு லீக்கும் அவன் பெயரை அடித்துவிட்டன. மாநிலத் தேர்வு அந்த மாதம்தான். ஞாயிற்றுக்கிழமை திடலோரத்தில் பூட்ஸின் கயிறு இரண்டையும் முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றான். கோடு போட்ட சுண்ணாம்பு அவன் வெறுங்காலில் ஒட்டியிருந்தது. அவனுக்காக நான் எழுதிய மூன்று கடிதத்தின் கார்பன் பிரதி இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஒன்றுக்கும் பதில் வரவில்லை. சிமோனைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான்.

ரீயூனியன் தீவில் நம்மவர்கள் உண்டாமே? அவர்கள் பந்தாடுகிறார்களா? – வாசகி, லூனாஸ்

உண்டு தங்கச்சி. நம் பாட்டன்மார் இங்கே தோட்டங்களுக்கு வந்த மாதிரி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். தமிழ் பேச்சு பெரும்பாலும் போய்விட்டது, கோயிலும் தீமிதியும் காவடியும் இருக்கின்றன. அந்தத் தீவு இன்றைக்கும் பிரான்சின் ஒரு பகுதி.

கேள்விக்குப் பதில்: ஆடுகிறார்கள், அதுவும் சிமோன் பெயரில் தொடங்கிய அதே கோப்பையில். இப்போது வருசத்துக்கு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கிளப்புகள் அதில் சேர்கின்றன. கடல் கடந்த தீவுகளுக்கும் இடம் உண்டு. ரீயூனியனின் சேன் பியேர் நகரத்துக் கிளப் 2020 ஜனவரி 4-ஆம் தேதி பத்து மணி நேரத்துக்கும் மேல் விமானத்தில் பறந்து போய், அப்போது இரண்டாம் டிவிஷன் தொழில்முறைக் குழுவாக இருந்த நியோரை அவர்கள் திடலிலேயே 2-1 என்று ஜெயித்தது. அடுத்த சுற்றில் எப்பினாலிடம் தோற்றார்கள். அந்த நியோர் ஆட்டத்தின் கடைசி விசில் ஊதியபோது அவர்கள் ஓடிய ஓட்டத்தைக் காணொளியில் பார்த்தேன். பேரனைக் கூப்பிட்டு மறுபடி ஒரு தரம் போடச் சொன்னேன்.