பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு திரும்பிப் போன பிறகு என்ன நடக்கிறது?

கேள்வி: ஏழைக் குழந்தைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளில் காலை உணவு, மருத்துவப் பரிசோதனை, சத்து மாத்திரை, குடும்பங்களுக்கு நிதி உதவி என்று பல திட்டங்கள் நடக்கின்றன. இவை உண்மையிலேயே குழந்தைகளுக்குப் போய்ச் சேருகின்றனவா? பள்ளிக்கூடம் பாடம் நடத்துவதோடு நின்றுகொண்டால் போதாதா?

பதில்: தென்காசி மாவட்டம் ஆலங்குளம் வட்டாரத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோரின் தாய்மார்கள் வீட்டில் பீடி சுற்றுபவர்கள். நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். பள்ளி வளாகத்துக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடும் உதவி பிள்ளைகளுக்குச் சேர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் குடும்பம் எங்காவது போய் வாங்கிக்கொள்ள வேண்டிய உதவி பாதி வழியில் நின்றுபோகிறது. இந்த இடைவெளியைப் பற்றிப் பேசாமல் திட்டங்களை எண்ணிக்கொண்டே போவதில் பயனில்லை.

முதலில் சேர்ந்ததைச் சொல்கிறேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்கென்று தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று. பீடி சுற்றும் வீட்டில் காலை நேரம் எப்படிப் போகும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். முந்தின இரவே இலையை நனைத்து வைத்துவிட்டு, விடிந்ததும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் கடையில் கணக்குக் கொடுக்க முடியும். அடுப்பு பிறகுதான். பால் கலக்காத தேநீரும் ஒரு வறுக்கியுமாக வந்து உட்கார்ந்த பிள்ளைகள் பதினொரு மணிக்கெல்லாம் மேசையில் தலை சாய்த்துவிடுவார்கள். காலை உணவு வந்த பிறகு அந்தச் சோர்வு குறைந்ததை எங்கள் வகுப்பறைகளில் எல்லோரும் கண்டோம். மதிய உணவு நம் ஊருக்குப் புதிதல்ல. காமராஜர் காலத்தில் 1956-இல் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியது, 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். ஆனால் காலை வயிறு காலியாக இருந்தால் மதியச் சாப்பாடு வரும்வரை நடத்தும் பாடம் உள்ளே இறங்காது.

இரும்புச் சத்து மாத்திரையும் பள்ளிக்குள்ளேயே முடியும் உதவிதான். ஆனால் அதற்கு ஆசிரியரின் கவனம் வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதற்காகத்தான் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒருமுறை நீல மாத்திரையும், சிறு பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு மாத்திரையும் தருகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்துபோய் வீட்டில் "இனிமேல் வாங்காதே" என்று சொல்லிவிடுவார்கள். கருத்தடை மாத்திரையோ என்று சந்தேகப்பட்டு வந்து கேட்ட தாய்மார்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தன் பிள்ளையின் வாயில் எதைப் போடுகிறார்கள் என்று கேட்பது தாயின் உரிமை. நாங்கள் செய்தது எளிய காரியம்தான். மதியம் சாப்பிட்டு முடித்த கையோடு கொடுத்தோம், ஆசிரியர்களும் கூடவே நின்றோம், பெற்றோர் கூட்டத்தில் மாத்திரை அட்டையைக் காட்டி விளக்கினோம். அந்த நேரத்தில் தேநீர் குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சரியாக ஒட்டாது என்பதையும் திரும்பத் திரும்பச் சொன்னோம்.

சிக்கல் மருத்துவப் பரிசோதனையில்தான் இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் ஒரு வாகனத்தில் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் ஆகியோர் கொண்ட குழு வருகிறது. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை, பள்ளிக்கு ஒருமுறை. பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் என்று நான்கு வகையாகப் பார்க்கிறார்கள். எங்கள் பள்ளிக்கு வந்த குழுவினர் பொறுமையானவர்கள், நல்ல வேலை செய்தார்கள். சொத்தைப் பல், மங்கிய பார்வை, காதில் சீழ், இதயத்தில் முணுமுணுப்பு எல்லாவற்றையும் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததும் ஒரு பரிந்துரைச் சீட்டு எழுதித் தருவார்கள். அதற்கப்புறம் குழு அடுத்த பள்ளிக்குப் போய்விடும். சீட்டு புத்தகப் பைக்குள் போகும். அங்கேயே கிடக்கும்.

ஏன் கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய் வர ஒரு முழு நாள் வேண்டும். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மட்டும்தான். நெல்லை போகும் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். அன்றைக்குப் பீடி கொடுக்காவிட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது. இடுப்பில் இன்னொரு பிள்ளை இருக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் நிற்பது, யாரிடம் சீட்டைக் காட்டுவது என்பதும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேல், "இதயத்தில் ஓட்டை என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு இவளை யார் கட்டுவார்கள்?" என்ற பயம். இது அலட்சியம் என்று பேசுகிறவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு இப்படித்தான் சீட்டு எழுதினார்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், எடை ஏறவே இல்லை. மாதங்கள் ஓடின, வீட்டில் அசையவில்லை. நான் போய்ப் பேசியபோது அந்த அம்மா தலையைக் குனிந்தபடி "சரி டீச்சர், சரி டீச்சர்" என்றார். கடைசியில் அவரைக் கிளப்பிக் கூட்டிப் போனவர் எங்கள் பள்ளியில் காலை உணவு சமைத்த அக்கா. அவரும் அதே தெரு, அவரும் முன்பு பீடி சுற்றியவர், அவர் பிள்ளையும் எங்களிடம்தான் படித்தது. ஆசிரியையிடம் சொல்ல முடியாத பயத்தை அந்த அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறார். இருவருமாகப் பஸ் ஏறினார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை சிகிச்சை நடந்தது, பணம் ஒன்றும் செலவாகவில்லை. சிகிச்சை, காப்பீடு, மருத்துவர் எல்லாமே முன்பே இருந்தன. துணைக்கு ஒரு ஆள்தான் இல்லாமல் இருந்தது.

இது எங்கள் ஊரில் மட்டும் நடக்கும் கதை இல்லை. நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் நியூயார்க்கில் குடியேறிகளின் நெரிசலான குடியிருப்புகளில் இதே நிலைதான் இருந்தது. பள்ளிக்கு வந்த மருத்துவர்கள் சொறி, கண்நோய், பேன் உள்ள பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் சிகிச்சை கிடையாது, பிள்ளைகள் தெருவில் திரிந்தார்கள். லிலியன் வால்ட் என்ற செவிலியர் 1902-இல் தம் குழுவைச் சேர்ந்த லினா ரோஜர்ஸை நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார். லினா பள்ளியிலேயே புண்ணைக் கழுவி மருந்திட்டார், மாலையில் வீடுகளுக்குப் போய்த் தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பிறகு இன்னும் பல செவிலியர்கள் சேர்க்கப்பட்டார்கள். பிள்ளைகளை இப்படி வீட்டுக்கு அனுப்பிய விலக்கல்கள் 1902 செப்டம்பரில் பத்தாயிரத்துக்கும் மேல் இருந்தன; அவை 1903 செப்டம்பரில் சுமார் 1,100 ஆகக் குறைந்தன. வீடு வரை நடந்து போக ஆள் கிடைத்ததே இதற்குக் காரணம்.

கண்ணாடி விஷயமும் இப்படித்தான். அரசு இலவசமாகவே தருகிறது. ஆனால் பெண் பிள்ளை கண்ணாடி போட்டால் ஊர் பேசும் என்று வீட்டில் எடுத்து வைத்துவிடுவார்கள். எங்கள் பள்ளியில் கண்ணாடிகளை வகுப்பு அலமாரியிலேயே வைத்து, காலையில் எடுத்துக் கொடுத்து மாலையில் வாங்கி வைத்தோம். கரும்பலகையாவது தெரிந்தது.

குடும்பங்களுக்கான நிதி உதவி இதைவிடக் கடினம். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் வருவாய் ஈட்டும் தந்தையோ தாயோ விபத்தில் இறந்தால் அந்தப் பிள்ளையின் பெயரில் 75,000 ரூபாய் தரும் திட்டம் இருக்கிறது. பெற்றோரை இழந்து வறுமையில் வாடும் பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் வழியாக மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு வழி உண்டு. அதற்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். பீடித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத் துறையின் கல்வி உதவித்தொகை இருக்கிறது. கணவனைப் பறிகொடுத்த பெண்ணுக்கு இவற்றில் ஒன்றாவது தானாகத் தெரிய வருமா? தெரிந்தாலும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, தொழிலாளர் அடையாள அட்டை என்று எத்தனை படி ஏற வேண்டும்! துக்க வீட்டிலிருந்து யார் அந்தப் படிகளை ஏறுவார்கள்?

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆசிரியர் பாடம் நடத்துவதோடு நிற்க வேண்டும் என்றால் எனக்கும் பாதி சம்மதம்தான். எடையும் உயரமும் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் இணையதளத்தில் பதிவது, மாத்திரைக் கணக்கு, முகாம் படிவம் என்று எங்கள் நேரம் கரைகிறது. ஆனால் அதற்காகப் பள்ளி இந்த வேலையை விட்டுவிடக் கூடாது. ஏனென்றால் ஏழைக் குடும்பத்தின் பிள்ளை தினமும் வந்து நிற்கும் ஒரே அரசு இடம் பள்ளிக்கூடம்தான். ஆகவே, வேலையை ஆசிரியரிடமிருந்து எடுத்து அதற்கென்றே ஒருவரிடம் கொடுக்க வேண்டும். அக்கம்பக்கப் பள்ளிகள் சிலவற்றைச் சேர்த்த ஒவ்வொரு குறுவள மையத்துக்கும் ஒரு செவிலியரோ சமூகப் பணியாளரோ போதும் என்பது என் எண்ணம். அவர் கையில் பரிந்துரைச் சீட்டுகளின் பட்டியல் இருக்க வேண்டும். வீட்டுக்குப் போக வேண்டும், தேவையானால் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போக வேண்டும், தாயின் ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் ஈடுகட்டச் சிறு தொகை அவரிடம் இருக்க வேண்டும். முடிந்தவரை அவர் அந்தத் தெருக்களை அறிந்த பெண்ணாக இருக்கட்டும்.

அது வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். உங்கள் ஊர்ப் பள்ளியில் பிள்ளை படித்தால் அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். போன மருத்துவப் பரிசோதனை முகாமில் சீட்டு வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளின் பெயரையோ நோயையோ கூட்டத்தில் சொல்ல வேண்டாம், எண்ணிக்கை போதும். அந்தக் கணக்கு பள்ளியில் இல்லையென்றால், அதைத் திரட்டித் தலைமையாசிரியரிடம் தருவதையும், போகாத வீடுகளுக்கு எந்த உறுப்பினர் துணைக்குப் போவது என்பதையும் அன்றைய தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.