டிஸ்னி ஃபோர்ட் வில்டர்னஸில் டென்ட் போட்டுத் தங்க எந்த வகை கேம்ப்சைட்டை எடுப்பது?

பிப்ரவரியில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், கூடவே ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா என ஐந்து பேர் டென்ட்டோடு ஃப்ளோரிடா போகிறீர்கள். டென்ட் சைட், ஃபுல் ஹுக்கப், ப்ரிஃபர்ட், ப்ரீமியம் என்று வகை வகையாகப் போட்டிருக்கிறார்கள், விலை கூடக்கூட வசதியும் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் அட்லாண்டாவில் இருக்கிறோம். ஃபோர்ட் வில்டர்னஸில் மூன்று முறை டென்ட்டோடு தங்கியிருக்கிறோம், மூன்று முறையும் வேறு வேறு வகை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பதில்: உங்களுக்கு எல்லாவற்றிலும் விலை குறைந்த டென்ட் சைட்தான் சரி. அம்மாவுக்காக யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்கும் விலை கூடிய வகைக்கும் சம்பந்தம் இல்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

இடத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் முதல் கேளிக்கைப் பூங்காவான மேஜிக் கிங்டம் 1971 அக்டோபர் 1 அன்று திறந்தது. அதே ஆண்டு நவம்பரில் டிஸ்னியின் முகாம் மைதானமான ஃபோர்ட் வில்டர்னஸ் திறந்தது. பே லேக் என்ற ஏரியின் கரையில், பைன் மரமும் சைப்ரஸ் மரமும் நிறைந்த சுமார் 750 ஏக்கர் காடு. அதற்குள் வளைவு வளைவாகத் தெருக்கள். ஒவ்வொரு தெருவுக்கும் 100, 200 என்று எண். அதைத்தான் லூப் என்கிறார்கள். ஒவ்வொரு லூப்பின் இரு பக்கமும் நம் ஊர் மனை பிரித்த மாதிரி வரிசையாக கேம்ப்சைட்டுகள். ஒரு மனைக்குப் 10 பேர் வரை தங்கலாம். எந்த வகையை எடுத்தாலும் தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு, சாப்பாட்டு மேஜை, கரி போட்டுச் சுடும் அடுப்பு ஆகியவை உண்டு. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அடிப்படையான எல்லாமே கடைசி வகையிலேயே கிடைத்துவிடுகிறது.

பிறகு விலை எதற்காகக் கூடுகிறது? ஃபுல் ஹுக்கப்பில் கூடுதலாகக் கிடைக்கும் முக்கியமான பொருள் கழிவுநீர்க் குழாய். ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியில் வருபவர்களுக்கு அது உயிர்நாடி. வண்டிக்குள்ளேயே கழிவறையும் பாத்திரம் கழுவும் தொட்டியும் இருப்பதால், அந்தத் தண்ணீர் வெளியேற வழி வேண்டும். டென்ட்டில் இருப்பவர்களுக்கு அந்தக் குழாயால் என்ன பயன்? நாங்கள் முதல் முறை போனபோது 'ஃபுல்' என்ற சொல்லைப் பார்த்து, குழந்தைகளோடு போகிறோமே, எல்லாம் இருக்கட்டும் என்று அதைத்தான் எடுத்தோம். நான்கு நாளும் மூடியைத் திறக்காத ஒரு குழாய்க்குப் பணம் கட்டினோம். அது கூடப் பரவாயில்லை. இரண்டு பக்கமும் பெரிய ஆர்.வி.கள். அவற்றின் ஏசி இரவெல்லாம் ஓடும், அது அந்த வண்டிகளின் இயல்பு. வண்டிக்குள் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியாது. டென்ட் துணிக்கு இந்தப் பக்கம் படுத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். என் சின்னவன் இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை.

ப்ரீமியம் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. மிகப் பெரிய ஆர்.வி.கள் நிற்பதற்காக அகலமாகக் கான்கிரீட் போட்ட இடம் அது. கான்கிரீட்டில் டென்ட் முளை இறங்காது. டென்ட்டோடு போகிறவர்கள் அந்த வரியைத் தாண்டிவிடலாம்.

யோசிக்க வைப்பது ப்ரிஃபர்ட் மட்டும்தான். அதற்குக் கூடுதல் விலை அது இருக்கும் இடத்துக்காக. செட்டில்மென்ட் என்று சொல்லப்படும் ஏரிக்கரைப் பகுதிக்கு நடந்து போகும் தூரத்தில் அந்த லூப்புகள் இருக்கின்றன. அங்கிருந்துதான் மேஜிக் கிங்டத்துக்குப் படகு. 1974-லிருந்து நடக்கும் ஹூப்-டீ-டூ என்ற இரவு விருந்து நிகழ்ச்சியும், மேஜிக் கிங்டத்தின் மெயின் ஸ்ட்ரீட்டில் வண்டி இழுக்கும் குதிரைகளின் லாயமும் அந்தப் பக்கம்தான். (அந்தக் குதிரைகளைப் பார்க்கக் காலையிலேயே ஒரு நடை போய்வாருங்கள். அவ்வளவு உயரமான குதிரைகளை என் பிள்ளைகள் அதுவரை பார்த்ததில்லை.)

இரண்டாம் முறை போனபோது திருச்சியிலிருந்து என் அத்தை வந்திருந்தார். கணவரின் அம்மா, அப்போது அவருக்கு 68 வயது, மூட்டுவலி உண்டு. பேருந்துக்கு நிற்க வேண்டாம், அத்தைக்கு நடை குறையட்டும் என்று ப்ரிஃபர்ட் எடுத்தோம். படகுத்துறை பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் படகு ஏறியதே இரண்டு முறைதான். அத்தை ஒருமுறை மட்டும் வந்தார். மற்ற நாள்களில் டிஸ்னியின் வேறு பூங்காக்களான எப்காட்டுக்கும் அனிமல் கிங்டமுக்கும் போனோம். அந்தப் பேருந்துகள் கிளம்புவது காட்டின் மறுகோடியில், அவுட்போஸ்ட் என்ற இடத்திலிருந்து. ஆக, அந்த நாள்களில் நாங்கள் உள்பேருந்து பிடித்து முழுக் காட்டையும் கடந்து போக வேண்டியிருந்தது.

அத்தைக்கு உண்மையில் எது கஷ்டமாக இருந்தது தெரியுமா? இரவு கழிவறைக்குப் போவது. கேம்ப்சைட்டில் கழிவறை கிடையாது. லூப்புகளுக்கு நடுவே கம்ஃபர்ட் ஸ்டேஷன் என்று கட்டடங்கள் இருக்கும். உள்ளே ஏசி, சுத்தமான கழிவறை, வெந்நீர் ஷவர், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் உண்டு. எங்கள் மனை அந்தக் கட்டடத்திலிருந்து லூப்பின் மறுமுனையில் அமைந்துவிட்டது. இரவு இரண்டு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நான் நடந்தேன். "உனக்குத் தூக்கம் கெடுது, நான் சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடிக்கல" என்று மறுநாள் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு மனசே ஆறவில்லை.

அன்றைக்குத்தான் புரிந்தது. கேம்ப்சைட்டின் வகை சொல்வதெல்லாம் படகுத்துறை எவ்வளவு தூரம், குழாய் எத்தனை என்பதைத்தான். டென்ட்டில் தூங்குபவருக்குத் தெரிய வேண்டியவை வேறு: கழிவறை எத்தனை எட்டு, தரை எப்படி, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும். இவை எந்த வகையின் விவரத்திலும் இருக்காது. ஒரே லூப்பில், ஒரே விலையில், ஒரு மனை கம்ஃபர்ட் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும், இன்னொன்று கோடியில் இருக்கும்.

மூன்றாம் முறை டென்ட் சைட்டே எடுத்தோம். 1500, 2000 ஆகிய இரண்டு லூப்புகள்தான் அதற்கு. முன்பதிவு செய்தபோதே "வயதானவர் இருக்கிறார், கம்ஃபர்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வேண்டும்" என்று கோரிக்கை எழுதினோம். கோரிக்கைதான், உறுதி கொடுக்க மாட்டார்கள். போகும் வாரத்தில் ஒருமுறை தொலைபேசியில் நினைவுபடுத்தினோம், கிடைத்தது. அத்தை தானே எழுந்து போய்வந்தார். பக்கத்து மனைகளிலும் டென்ட்காரர்களே இருந்ததால் பத்து மணிக்கு மேல் தவளைச் சத்தமும் பூச்சிச் சத்தமும்தான்.

அடுத்தது தரை. ஃப்ளோரிடா மண் மணல். டென்ட்டோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் மணலில் நிற்காது, ஒரு காற்றுக்கே பிடுங்கிக்கொண்டு வரும். ஓர் அடி நீளமுள்ள தடித்த முளைகளைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு சுத்தியலும் வேண்டும். மனைக்குள் போனதும் டென்ட்டை விரிக்காதீர்கள். ஐந்து நிமிடம் சுற்றி நடந்து பாருங்கள். பைன் ஊசிகள் கோடு போட்ட மாதிரி ஒதுங்கிக் கிடந்தால் அதுதான் மழைத்தண்ணீர் ஓடிய தடம். அதன் மேல் டென்ட் வேண்டாம். முதல் பயணத்தில் நாங்கள் பார்க்க நிரவலாக இருந்த ஒரு பள்ளத்தில் போட்டோம். இரவு மழையில் தரைவிரிப்புக்கு அடியில் தண்ணீர் தேங்கி, விடியும்போது போர்வை வரை ஈரம். அடியில் விரிக்கும் தார்ப்பாய் டென்ட்டைவிடப் பெரிதாக வெளியே நீட்டிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். மேலே விழுந்த தண்ணீரைத் தார்ப்பாயே வாங்கி உள்ளே அனுப்பிவிட்டது. அதன் ஓரத்தை டென்ட்டுக்கு அடியில் மடித்துவிடுங்கள். நெருப்பெறும்புப் புற்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சின்ன மணல் குவியல் மாதிரிதான் இருக்கும், மிதித்தால் ஒரு வாரத்துக்குக் கொப்புளம்.

உங்கள் டென்ட் எவ்வளவு பெரியது என்று சொல்லவில்லை. ஐந்து பேர் ஒரே டென்ட்டில் நெருக்குவதைவிட அம்மாவுக்கென ஒரு சின்ன டென்ட் தனியாகப் போடுவது நல்லது. ஒரு மனையில் இரண்டு டென்ட் போடலாம். அம்மாவுக்குத் தரையில் படுக்க முடியாது என்றால் மடக்குக் கட்டில் ஒன்று எடுத்துப் போங்கள். நிமிர்ந்து நிற்கும் உயரம் அந்த டென்ட்டுக்கு இருக்கட்டும், குனிந்து நுழைவதுதான் மூட்டுவலிக்காரர்களுக்குப் பெரும்பாடு.

மின் இணைப்பு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நாம் சோறு வைப்போம். மின்கம்பத்தில் ஆர்.வி.க்கான 50, 30 ஆம்பியர் இணைப்புகளோடு, வீட்டில் இருப்பது போன்ற 20 ஆம்பியர் இணைப்பும் இருக்கும். நமக்கு அதுதான். 120 வோல்ட்டில் 20 ஆம்பியர் என்றால் 2400 வாட். தொடர்ந்து ஓடும் பொருள்களுக்கு அதில் 80 சதவீதம், அதாவது 1900 வாட் அளவோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. இண்டக்ஷன் அடுப்பு ஒன்றே 1800 வாட் இழுக்கும், ரைஸ் குக்கர் 600, 700 வாட். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். முதலில் சோறு, அது வெந்ததும் குழம்பு என்று வரிசையாகப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வெளியிடத்துக்கானதாக, 12 கேஜ் தடிமனில், 50 அடி நீளத்தில் இருக்கட்டும். கேஜ் எண் குறையக் குறையத்தான் வயர் தடிமன் என்பதைக் கடையில் மறந்துவிடாதீர்கள்.

ஹீட்டர் எடுத்துப் போகலாமா என்ற எண்ணம் வரும். பிப்ரவரியில் பகல் இதமாக இருக்கும், இரவில் குளிர்காற்று வீசினால் 5 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிவிடும். ஆனாலும் துணி டென்ட்டுக்குள், குழந்தைகள் புரண்டு படுக்கும் இடத்தில் ஹீட்டர் வேண்டவே வேண்டாம். நல்ல ஸ்லீப்பிங் பேக், அடியில் கனமான மெத்தை, தலைக்குக் குல்லா. குளிர் பெரும்பாலும் தரையிலிருந்துதான் ஏறும், அதனால் மேலே போர்த்துவதைப் போலவே கீழே விரிப்பதும் முக்கியம். பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு என்றும் சொல்வேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை அநேகமாகத் தினமும் பிற்பகலில் இடி மின்னலோடு மழை, இரவிலும் புழுக்கம். மின்னலுக்கு டென்ட் எந்தப் பாதுகாப்பும் தராது. எப்போது இடி கேட்டாலும் எல்லோரும் கம்ஃபர்ட் ஸ்டேஷன் கட்டடத்துக்கோ காருக்கோ போய்விடுங்கள்.

சரி, ப்ரிஃபர்ட் யாருக்கு? பயணத்தின் பெரும்பகுதி மேஜிக் கிங்டம்தான், மதியம் தூங்கியே ஆக வேண்டிய கைக்குழந்தை இருக்கிறது, நாளுக்கு இரண்டு முறை படகில் போய்வர வேண்டும் என்றால் அந்தக் கூடுதல் பணத்துக்கு மதிப்பு உண்டு. டிஸ்னியின் நான்கு பூங்காக்களுக்கும் பிரித்துப் போகிறீர்கள் என்றால் இல்லை. மிச்சமாகும் பணத்தில் கோல்ஃப் கார்ட் என்ற சின்னத் திறந்த வண்டியை வாடகைக்கு எடுத்தால், காட்டுக்குள் அம்மாவை எங்கே வேண்டுமானாலும் உட்கார வைத்துக் கூட்டிப் போகலாம். காரை உள்ளே சுற்றப் பயன்படுத்தக் கூடாது, மனைக்கு வரவும் போகவும் மட்டுமே அனுமதி. கோல்ஃப் கார்ட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் கேம்ப்சைட் பதிவான கையோடு அதற்கும் பதிவு செய்யுங்கள்.

சாப்பாட்டுப் பொருள் எதையும் இரவில் வெளியே வைக்காதீர்கள், முறுக்கு டப்பா உள்பட. மூடியிருந்தாலும் ரக்கூன்கள் திறந்துவிடும். எல்லாம் காருக்குள் போகட்டும். மனை மதியம் 1 மணிக்குக் கிடைக்கும், வெளியேறுவது காலை 11 மணி. அட்லாண்டாவிலிருந்து ஏழு மணி நேர ஓட்டம் என்பதால் நாங்கள் விடியற்காலை நான்குக்கே கிளம்பிவிடுவோம். நீங்கள் எங்கிருந்து வருகிறீர்களோ, வெளிச்சம் இருக்கும்போது போய்ச் சேருகிற மாதிரி கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தடத்தையும் எறும்புப் புற்றையும் இருட்டில் பார்க்க முடியாது.