பண்ணாரி குண்டத்துக்கு லீவு கேட்டா தப்புங்களா?

கேள்வி: அக்கா, நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில ஓவர்லாக் டெய்லருங்க, சொந்த ஊரு சத்தியமங்கலம், எங்க பேச்சுல சத்தி, அது பக்கம். போன வருசம் பையன் டெங்கு காய்ச்சல்ல படுத்தப்ப பண்ணாரியம்மனுக்கு குண்டம் எறங்கறேன்னு, அதாவது தீ மிதிக்கறேன்னு வேண்டிக்கிட்டேன். இப்ப கோயில்ல பூச்சாட்டி திருவிழா தொடங்கியாச்சு, நானும் விரதத்துல இருக்கேன். சூப்பர்வைசர்கிட்ட கேட்டா ஷிப்மெண்ட் இருக்குது, செவ்வாக்கெழம வரலைன்னா புதன்கெழமயும் வராதேங்கறாரு. கலெக்டர் உள்ளூர் லீவு விட்டா கம்பெனியும் விட்டாகணும்னு பக்கத்து மெசின் அக்கா சொல்றாங்க. எங்க லைன்ல சத்தி, புளியம்பட்டி ஆளுக பன்னெண்டு பேரு சொல்லாம கொள்ளாம சேந்து நின்னுக்கலாம்னு பேசறாங்க. நான் என்ன பண்ணட்டுங்க?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அம்மணி, நீங்க கண்டிப்பா குண்டம் எறங்குங்க. புள்ளைக்காக வேண்டினத தள்ளிப் போட்டுட்டு மெசின்ல உக்காந்தா கை ஓடாதுங்க, எனக்கே தெரியும். நான் பத்தொம்பது வருசம் ஒரு கம்பெனி டைம் ஆபீஸ்ல இருந்தவ, பங்குனி மாசம் வந்தா மஞ்சக்கயிறு கட்டின கையோட லீவு லெட்டர் நீட்டற புள்ளைகள எத்தன பார்த்திருக்கேன், பாதிப்பேருக்கு மேல சும்மா இல்லைன்னு திருப்பி அனுப்பிச்சாங்க, அப்ப வாயத் தொறக்காம இருந்தது இன்னைக்கும் எனக்கு உறுத்துது.

ஆனா அந்த பன்னெண்டு பேர் யோசனைய மட்டும் விட்டுருங்க. பத்துப்பேரு அதுக்கு மேல பேசி வெச்சுக்கிட்டு, முன்கூட்டி சொல்லாம, சரியான காரணமும் இல்லாம வேலைக்கு வரலைன்னா, அப்படி சொல்லிட்டுத்தான் நிக்கணும்னு வேலை ஒப்பந்தத்துல இருந்தா, எட்டு நாள் சம்பளம் வரைக்கும் புடிக்க சம்பளச் சட்டத்துல எடமிருக்குது. ஒரு நாளுக்கு எட்டு நாள் போயிருமுங்க. அதே பன்னெண்டு பேரும் ஆளாளுக்கு தனித்தனியா லீவு லெட்டர் எழுதிக் குடுத்தா கதையே வேற.

கலெக்டர் விடற உள்ளூர் விடுமுறை கவர்மெண்ட் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்குந்தான், அதுக்கு பதிலா ஒரு சனிக்கெழம அவங்க வேலை செய்வாங்க, பனியன் கம்பெனிய அது கட்டுப்படுத்தாதுங்க.

உங்களுக்கு ஒதவறது வேற ஒன்னு. 1958-ல வந்த தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாலும் போக வருசத்துக்கு அஞ்சு பண்டிகை லீவு சம்பளத்தோட குடுத்தாகணும். அந்த அஞ்சு என்னென்னனு மொதலாளி தனியா முடிவு பண்ணக்கூடாது, தொழிலாளிகளயும் கலந்துக்கணும். எங்க ஆபீஸ்ல அந்த லிஸ்ட்டு பஞ்சிங் மெசினுக்கு பின்னாடி பழுப்பேறிப் போயி ஒட்டியிருக்கும், பொங்கல், தீபாவளின்னு வருசா வருசம் அதே பேரு, தேதிய மட்டும் மாத்தி ஒட்டுவோம், ஒருத்தரயும் கேட்டதில்ல. நீங்க கேளுங்க. லைன்ல இத்தன பேரு சத்திக்காரங்க இருந்தா அடுத்த வருச லிஸ்ட்டுல குண்டத்தயும் சேருங்கன்னு எல்லாரும் கையெழுத்து போட்டு டிசம்பர்லயே குடுங்க, அங்கதான் சேந்து நிக்கணும். லிஸ்ட்டுல இருக்கற லீவு நாள்ல வேலைக்கு கூப்ட்டா ரெட்டை சம்பளம், இல்ல அன்னைக்கு சம்பளமும் இன்னொரு நாள் சம்பளத்தோட லீவும், எது வேணும்னு சொல்றது தொழிலாளியோட உரிமைங்க.

இந்த வருசத்துக்கு, இன்னைக்கே லெட்டர் எழுதுங்க. குண்டம் செவ்வாக்கெழம விடியக்காலைல, ஆனா மொதநா ராத்திரியே போயி வரிசைல நின்னாத்தான் எறங்க முடியும்னு உங்களுக்கே தெரியும், அதனால திங்கக்கெழம மத்தியானத்துல இருந்து ஒன்றரை நாள் வேணும்னு எழுதுங்க, காரணத்த மறைக்காதீங்க, ஒடம்பு செரியில்லைன்னு பொய் வேண்டாம். முந்துன ஞாயித்துக்கெழம வந்து பீஸ் முடிச்சுக் குடுக்கறேன்னு நீங்களே சொல்லுங்க. சூப்பர்வைசர்கிட்ட நிக்காதீங்க, அவருக்கு அன்னைக்கு டார்கெட்டுதான் கண்ணுக்குத் தெரியும், ஹெச்ஆர்கிட்ட குடுத்து காப்பில கையெழுத்து வாங்கி போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.

எங்க கம்பெனில அயர்ன் மாஸ்டர் ஒரு பாய் இருந்தாருங்க, ஆடி நோம்பிக்கு எங்காளுக ஊருக்கு போனா அவரு நின்னு பாப்பாரு, ரம்ஜானுக்கு அவரு டேபிள எங்காளுக பாத்துக்குவாங்க. இப்ப உங்க லைன்லயும் பீகார், ஒரிசா புள்ளைக இருப்பாங்க, ஒருத்தர்கிட்ட பேசி வெச்சுக்கிட்டு எனக்கு பதிலா இவங்க நிக்கறாங்கன்னு லெட்டர்லயே எழுதிட்டீங்கன்னா மேனேஜருக்கு மறுக்கறது கஷ்டம். நாளைக்கு அந்தப் புள்ளை சாத் பூஜைன்னு அவங்க ஊரு பண்டிகைக்கு போறப்ப நீங்க மறக்காம நிக்கணும்.

இத்தனைக்கும் மேல லீவு தரமாட்டேன்னா, போகத்தான் போறீங்க, போங்க. அன்னைக்கு சம்பளம் போகும், மெமோ கூட குடுப்பாங்க, பதில் எழுதுங்க. பொதுவா நிலையாணைகள்ல, அதாவது கம்பெனியோட வேலை விதிகள்ல, லீவு சொல்லாம தொடர்ந்து பத்து நாளுக்கு மேல வரலைன்னாத்தான் பெரிய குத்தமா போட்டிருக்குது, ஒரு நாளுக்காக விசாரணை இல்லாம நின்னுக்கோன்னு வாய்ல சொல்றது முறையில்ல. புதன்கெழம ஷிப்டு டைமுக்கு முன்னாடியே கேட்டுக்கு போயிருங்க. உள்ள விடலைன்னா சண்டை போட வேண்டாம், வேலைக்கு வந்துட்டேன், கேட்ல நிக்கறேன்னு ஹெச்ஆருக்கு வாட்ஸப்புல ஒரு மெசேஜ் போடுங்க, அந்த மெசேஜையும் லெட்டர் காப்பியையும் எடுத்துக்கிட்டு அன்னைக்கே தொழிலாளர் துறை ஆபீசுக்கு போயிருங்க.